நகரத்துக்குள் லீஷ்மேனியாசிஸ்: முதல் கணக்கெடுப்புக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மணல் ஈ கடித்துப் பரவும் லீஷ்மேனியாசிஸ் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பீகார் கிராமங்களும், உள்ளுறுப்புகளைத் தாக்கும் அதன் வகையான காலா அசார் காய்ச்சலும்தான். ஆனால் இந்த நோய் நகரங்களிலும் நன்றாகவே வேரூன்றியிருக்கிறது. ஆப்கானிஸ்தானின் காபூல், சிரியாவின் அலெப்போ, பிரேசிலின் தெரசினா, மாட்ரிட்டை ஒட்டியிருக்கும் ஃபுவென்லப்ராதா, ராஜஸ்தானின் பிகானேர் என்று பட்டியல் நீளும். சென்னைக்கும் இதில் பழைய தொடர்பு உண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன் 1903இல் இந்த ஒட்டுண்ணியை நோயாளிகளின் மண்ணீரல் மாதிரியில் கண்டார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் லீஷ்மன் இங்கிலாந்திலிருந்து அதையே அறிவித்திருந்ததால் இருவர் பெயரும் சேர்ந்து ‘லீஷ்மேனியா டோனோவனி’ என்று ஆனது. அந்தக் காலத்தில் ஜார்ஜ் டவுன் பகுதியில் காலா அசார் இருந்துவந்தது.

பொதுச் சுகாதாரம் படித்துவிட்டு, ஒரு நகரப் பகுதியில் இந்த நோய் எவ்வளவு இருக்கிறது, யாருக்கு வருகிறது, எதனால் வருகிறது என்று கண்டறிய முதன்முறையாக அனுப்பப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணமாகப் பெரும்பாலும் காபூலையே எடுத்துக்கொள்கிறேன். தோலில் ஆறாத புண்ணை உண்டாக்கும் வகையான தோல் லீஷ்மேனியாசிஸ் உலகிலேயே அதிகமாக இருக்கும் நகரங்களில் அது ஒன்று. அங்கே நடந்த ஆய்வுகளின் எண்களும் வெளியாகியிருக்கின்றன. அந்த எண்களை எப்படிப் பெறுகிறார்கள், எப்படிப் படிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் வேறு எந்த நகரத்திலும் வேலை செய்யலாம்.

1. முதலில் கேட்க வேண்டியது: ஒட்டுண்ணி எங்கே தங்கியிருக்கிறது?

கேள்வித்தாள், மாதிரி அளவு எல்லாம் அப்புறம். மணல் ஈ யாரிடமிருந்து ஒட்டுண்ணியை எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. இதற்கான பதில் நகரத்துக்கு நகரம் மாறும். பதில் மாறினால் நீங்கள் யாரை எண்ணுகிறீர்கள், எதைத் தேடுகிறீர்கள், என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்பதெல்லாமே மாறும்.

காபூலில் ஒட்டுண்ணியின் இருப்பிடம் மனிதர்கள்தான். அங்கே இருப்பது லீஷ்மேனியா டிராபிகா. அதைப் பரப்புவது ஃபிளெபோடோமஸ் செர்ஜென்டி என்ற மணல் ஈ. ஒரு குழந்தையின் கன்னத்திலுள்ள புண்ணைக் கடித்த ஈ, சில நாள் கழித்து அதே வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இன்னொருவரைக் கடிக்கிறது. நடுவில் விலங்கு தேவையில்லை. அதே ஆப்கானிஸ்தானில் வடக்கே மஜாரே ஷெரீஃப் பக்கம் போனால் கதை வேறு. அங்கே லீஷ்மேனியா மேஜர். அது வளைகளில் வாழும் பெரிய ஜெர்பில் என்ற கொறிணியிடம் தங்கியிருக்கிறது. ஒரே நாடு, பார்வைக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிப் புண். ஆனால் ஓரிடத்தில் நோயாளிக்குச் சிகிச்சை கொடுத்தால் பரவலும் குறையும். மற்ற இடத்தில் நோயாளி குணமாவார், பரவல் அப்படியே இருக்கும்.

பிரேசிலின் நகரங்களில் இருப்பது உள்ளுறுப்புகளைத் தாக்கும் வகை. ஒட்டுண்ணி லீஷ்மேனியா இன்ஃபான்டம், பரப்புவது லுட்சோமியா லாஞ்சிபால்பிஸ், தங்குமிடம் வீட்டு நாய்கள். கிராமத்து நோய் என்று நினைத்திருந்த இது 1980களின் தொடக்கத்தில் தெரசினா நகரில் கொள்ளைநோயாக வெடித்தது. பிறகு பெலோ ஓரிசோன்ச்சி போன்ற பெருநகரங்களுக்கும் வந்து சேர்ந்தது. அங்கே நகரக் கணக்கெடுப்பு என்றால் மனிதர்களோடு நாய்களின் ரத்தத்தையும் சோதிக்க வேண்டும். தொற்றுள்ள நாய்களைக் கொல்வது அங்கே பல ஆண்டுகளாகத் திட்டத்தின் பகுதியாக இருந்துவருகிறது. அதனால் மனிதர்களிடம் நோய் குறைந்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே கடும் கருத்து வேறுபாடு உண்டு. கொன்ற நாய்க்குப் பதிலாக மக்கள் சீக்கிரமே ஒரு குட்டியை வளர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள், அந்தக் குட்டிக்கும் தொற்று வருகிறது என்பது முக்கியமான எதிர்வாதம்.

மனிதன் இல்லை என்றால் நாய் என்று முடிவுகட்டிவிடவும் வேண்டாம். 2009 முதல் ஃபுவென்லப்ராதாவிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் சில ஆண்டுகளுக்குள் 400க்கும் மேற்பட்டோருக்கு இந்த நோய் வந்தது. நாய்களிடம் தொற்று அதற்கேற்ப உயரவில்லை. கடைசியில் பிடிபட்டவை முயல்கள். முக்கியமாக, நகரை ஒட்டிப் புதிதாக அமைத்த பசுமைப் பூங்காவில் பெருகியிருந்த காட்டு முயல்கள். நகர அமைப்பில் செய்த ஒரு மாற்றம், அதுவும் எல்லோரும் வரவேற்ற மாற்றம், நோய்க்கு வழி திறந்துவிட்டது.

ஒட்டுண்ணியின் இனப்பெயரை மட்டும் வைத்து நோய் வடிவத்தை ஊகிப்பதும் ஆபத்து. இலங்கையில் 1992 முதல் உள்ளூரிலேயே தொற்றிய தோல் லீஷ்மேனியாசிஸ் பதிவாகி வருகிறது. அனுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டை, மாத்தறை மாவட்டங்களில் அதிகம். 2008இல் அது கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயானது. அங்கே தோல் புண்ணை உண்டாக்குவது, இந்தியாவில் காலா அசாரை உண்டாக்கும் அதே டோனோவனி இனம்.

2. யாரை நோயாளி என்று எண்ணுவீர்கள்?

களத்துக்குப் போகுமுன் ஒரு தாளில் எழுதிவையுங்கள். காபூல் மாதிரி நகரத்துக்கு மூன்று வரையறைகள் போதும்.

செயலில் உள்ள புண்: மூன்று, நான்கு வாரங்களுக்கு மேலாக ஆறாத, வலி அதிகம் இல்லாத, விளிம்பு உயர்ந்த புண் அல்லது முடிச்சு போன்ற கட்டி. பெரும்பாலும் முகம், கை, கால் என்று துணி மூடாத இடங்களில்.

தழும்பு: பழைய புண் ஆறிய, சற்றுப் பள்ளமான தழும்பு. அது வந்த விதத்தை வீட்டார் சொல்ல வேண்டும். தீக்காயம், பிசிஜி ஊசி, பழைய கட்டி எல்லாம் தழும்பு விடும். இடது மேல்கையில் ஒற்றை வட்டத் தழும்பைப் பார்த்ததும் லீஷ்மேனியா என்று குறித்துவிடக் கூடாது.

உறுதியான நோயாளி: மாதிரியில் ஒட்டுண்ணி தெரிந்தவர்.

இந்த மூன்றையும் ஒரே கட்டத்தில் போட்டுக் கூட்டாதீர்கள். புண் இன்றைய பரவலைச் சொல்லும், தழும்பு பழைய பரவலைச் சொல்லும். உள்ளுறுப்பு வகை உள்ள ஊரில் இன்னும் கவனம் தேவை. அங்கே தொற்று ஏற்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே வராது. ரத்தச் சோதனையில் எதிர்ப்பொருள் தெரிந்தவர் எல்லாம் நோயாளி ஆகமாட்டார்.

3. மருத்துவமனைப் பதிவேட்டைப் படியுங்கள், ஆனால் அதை ஊரின் கணக்காக எடுக்காதீர்கள்

இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பல அறிக்கைகள் பதிவேட்டோடு நின்றுவிடுகின்றன. பதிவேடு மலிவானது, உட்கார்ந்த இடத்தில் முடிந்துவிடும். ஆனால் அதில் இருப்பவர்கள் மருந்தகத்துக்கு வர முடிந்தவர்கள் மட்டுமே. முகத்தில் புண் வந்தால் வருவார்கள், காலில் வந்தால் வீட்டிலேயே இருப்பார்கள். பஸ் காசு இருப்பவர் வருவார். மருந்து தீர்ந்துபோன மாதத்தில் யாரும் வரமாட்டார்கள். அந்த மாதம் நோய் குறைந்ததுபோல வரைபடம் சரியும். புதிதாக ஒரு மருந்தகம் திறந்தால் அந்த வட்டாரத்தில் கொள்ளைநோய் வந்ததுபோல எகிறும்.

பதிவேட்டிலிருந்து எடுக்க வேண்டியவை வேறு: எந்தெந்தப் பகுதியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், எந்த மாதங்களில் புண் தொடங்கியதாகச் சொல்கிறார்கள், மருந்து எப்போதெல்லாம் இல்லாமல் போனது. பகுதிவாரியாக மலேரியாவுக்கு மருந்து அடித்த வரலாற்றையும் சேர்த்துக் கேளுங்கள். இந்தியாவில் மலேரியாவுக்கு டிடிடி பூச்சிமருந்து அடித்த காலத்தில் மணல் ஈயும் செத்ததால் காலா அசார் ஏறக்குறைய மறைந்தது. அடிப்பது நின்ற பிறகு 1977 வாக்கில் பீகாரில் பெரிய அளவில் திரும்பி வந்தது.

4. எத்தனை வீடு போக வேண்டும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூற்றுக்கு மூன்று பேருக்குப் புண் இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம், ஒரு சதவீதம் முன்பின் இருந்தால் பரவாயில்லை என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான சூத்திரப்படி 1.96இன் வர்க்கத்தை 0.03, 0.97 இரண்டாலும் பெருக்கி, 0.01இன் வர்க்கத்தால் வகுத்தால் 1,118 பேர்.

இதோடு நிறுத்திவிடக் கூடாது. இந்த நோய் வீட்டுக்குள் கூட்டமாக வரும். ஒரு வீட்டில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே ஒரே வீட்டில் பார்க்கும் ஏழு பேர் ஏழு தனித்தனித் தகவல்கள் ஆகமாட்டார்கள். இதற்காக மாதிரியைக் குறைந்தது இரண்டால் பெருக்குகிறோம்: 2,236. பத்தில் ஒருவர் இல்லாமலோ மறுத்தோ போவார் என்றால் 2,485. வீட்டுக்கு ஏழு பேர் என்றால் 355 வீடு. 30 தொகுதிகள் (அதாவது தேர்ந்தெடுத்த 30 சிறு பகுதிகள்), தொகுதிக்கு 12 வீடு என்று 360 வீடாக முடித்துக்கொள்ளலாம்.

காபூல் நகரம் நாஹியா என்ற வட்டங்களாகவும், அதற்குள் குசார் என்ற சிறு பகுதிகளாகவும் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு குசாருக்கும் ‘வக்கீல்’ என்று ஒருவர் உண்டு, வழக்கறிஞர் இல்லை. நம் ஊர் வார்டு பிரதிநிதி மாதிரி என்று கொள்ளலாம். அவர் கையில் வீடுகளின் பட்டியல் இருக்கும். பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் வீடுகளை நீங்களே எடுங்கள். அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் நல்ல மனசோடு நோய் அதிகமுள்ள வீடுகளுக்கே அழைத்துப் போவார். போர் முடிந்து திரும்பி வந்து இடிபாடுகளில் தங்கியிருப்பவர்கள் பட்டியலில் இல்லாமலும் போகலாம். அவர்களைத் தனியாகத் தேடிச் சேர்க்க வேண்டும். நோய் எதிர்ப்பு இல்லாமல் புதிதாக வந்தவர்கள் அவர்கள்தான்.

5. வாசலில்

மாதிரிக் கணக்கைக் கணினி போட்டுவிடும். கணக்கெடுப்பின் தரம் முடிவாவது வாசலில்தான்.

பெண் களப்பணியாளர் இல்லாமல் காபூலில் வீடு வீடாகப் போவதில் அர்த்தமே இல்லை. ஆண்கள் மட்டும் போனால் வாசலில் நிற்கும் ஆண்களையும் சிறுவர்களையும்தான் பார்க்க முடியும். 2022 டிசம்பரில் தொண்டு நிறுவனங்களில் பெண்கள் வேலை செய்ய தாலிபான் ஆட்சி தடை விதித்தது. சுகாதாரப் பணிக்கு ஓரளவு விலக்கு கிடைத்தாலும் நடைமுறையில் பெரிய சிக்கல். பெண்களைப் பார்க்காமல் எடுத்த கணக்கைப் பெண்களுக்கும் பொருந்தும் என்று எழுதுவது தவறு. பார்க்க முடியவில்லை என்றால் அதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

உள்ளூர்ப் பெயரில் கேளுங்கள். காபூலில் இந்தப் புண்ணை ‘சால்தானா’ என்பார்கள். கேள்வித்தாளில் அந்தச் சொல்தான் இருக்க வேண்டும். ‘உங்கள் வீட்டில் யாருக்காவது இருக்கிறதா’ என்று கேட்டுவிட்டு, சொன்னவரை மட்டும் பார்ப்பது போதாது. இந்த நோய் தொட்டால் ஒட்டும், ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டும் என்ற தவறான பயம் அங்கே பரவலாக உண்டு. புண் வந்த தாயைக் குழந்தையிடமிருந்து விலக்கி வைப்பதும், பெண்ணின் கல்யாணப் பேச்சு நின்றுபோவதும் நடக்கிறது. ஆகவே மறைப்பார்கள். வீட்டில் பதிவான ஒவ்வொருவரையும், தூங்குகிற குழந்தை உட்பட, நேரில் பாருங்கள். முகம், காது மடல், கழுத்து, கைகள், கால்கள். ஐந்து நிமிடம் ஆகாது.

ஒவ்வொருவருக்கும் குறிக்க வேண்டியது: வயது, பால், எத்தனை புண், எந்த இடத்தில், எப்போது தொடங்கியது, எத்தனை தழும்பு, எந்த வயதில் வந்தது, இந்த வீட்டுக்கு எப்போது குடிவந்தார், அதற்கு முன் எங்கே இருந்தார். கடைசி இரண்டையும் அவசரத்தில் விட்டுவிடுவார்கள். பெஷாவரில் அகதியாக இருந்தபோது வந்த தழும்பு காபூலின் கணக்கில் சேராது. தேதி கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. ‘போன நோன்புப் பெருநாளுக்கு முன்னாலா பின்னாலா, நவ்ரோஸுக்கு (மார்ச்சில் வரும் அவர்களின் புத்தாண்டு) முன்னாலா’ என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.

வீட்டைப் பற்றி: சுவர் எதனால் ஆனது, விரிசல் இருக்கிறதா, ஜன்னலில் வலை உண்டா, கோடையில் எங்கே படுக்கிறார்கள், கொசுவலை இருக்கிறதா, நேற்று இரவு யார் அதற்குள் படுத்தார்கள். வலை இருக்கிறதா என்ற கேள்விக்கு எல்லா வீட்டிலும் ஆம் என்பார்கள். நேற்று இரவு அதற்குள் யார் படுத்தார்கள் என்று கேட்டால்தான் உண்மை வரும். அப்பா மட்டும் படுத்திருப்பார், குழந்தைகள் வெளியே படுத்திருப்பார்கள்.

இன்னொன்று. புண்ணோடு ஒரு குழந்தையைப் பார்த்துவிட்டு, குறிப்பெழுதிக்கொண்டு, வாழ்த்துச் சொல்லிவிட்டு வெளியே வருவதை என்னால் ஏற்கவே முடியாது. சிகிச்சைக்கு அனுப்ப இடமும் மருந்தும் உறுதியான பிறகே கணக்கெடுப்பைத் தொடங்குங்கள். சீட்டில் மருந்தகத்தின் பெயர், நாள், நேரம் எழுதிக் கொடுங்கள். மருந்து இல்லை என்றால் கணக்கெடுப்பைத் தள்ளிப்போடுங்கள்.

6. மாதிரி எடுத்தல்

எல்லாப் புண்ணிலும் எடுக்க வேண்டியதில்லை. சில தொகுதிகளில் எடுத்தால் உங்கள் கண்பார்வைக் கணிப்பு எவ்வளவு சரி என்று தெரிந்துவிடும். புண்ணின் நடுவில் எடுக்காமல் உயர்ந்த விளிம்பில் சுரண்டி எடுங்கள். சிலைடில் தேய்த்து, உலர்த்தி, ஜீம்சா சாயம் ஏற்றிப் பார்த்தால் செல்லுக்குள் 2 முதல் 4 மைக்ரான் அளவுள்ள உருண்டைகள் தெரியும். உள்ளே பெரிய புள்ளி ஒன்று, பக்கத்தில் சிறு கோடு ஒன்று. இரண்டும் தெரிந்தால்தான் லீஷ்மேனியா. புண் பழசாகப் பழசாக ஒட்டுண்ணி குறையும் என்பதால் ஆறு மாதப் புண்ணில் தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்று ஆகாது. எந்த இனம் என்று அறிய பிசிஆர் வேண்டும். அதற்குச் சில மாதிரிகளை மட்டும் அனுப்பினால் போதும்.

7. மணல் ஈயைத் தேடுதல்

இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். கொசுவைப் போல ரீங்காரம் இல்லை. உட்காரும்போது இறக்கைகளை ஆங்கில வி வடிவில் தூக்கி வைத்திருக்கும். பறக்கத் திறமை போதாது, தத்தித் தத்தித்தான் போகும். முட்டையிட நீர் தேவையில்லை. ஈரப்பதமும் மக்கிய பொருளும் உள்ள மண், சுவர் விரிசல், இடிபாடு, கால்நடைக் கொட்டில் போதும். தண்ணீர்த் தொட்டியை மூடுங்கள் என்ற டெங்கு அறிவுரையை அப்படியே இங்கே எடுத்துவந்து சொல்வதில் பயனில்லை. போரில் இடிந்த காபூலின் தெருக்கள் இந்த ஈக்கு எப்படிப்பட்ட வாழிடம் என்று இதிலிருந்தே புரியும்.

பிடிக்க எளிய வழி விளக்கெண்ணெய். வெள்ளைத் தாளின் இரு பக்கமும் தடவி, மாலையில் சுவர் விரிசல் பக்கம், படுக்கையறை மூலை, கொட்டில் ஆகிய இடங்களில் தொங்கவிட்டு விடியற்காலையில் எடுத்துவிடலாம். ஒட்டிய ஈக்களைச் சிறு தூரிகையால் எடுத்து ஆல்கஹாலில் போடுங்கள். மின்சாரம் இருந்தால் ஒளிப்பொறி வைக்கலாம். இனம் கண்டறிய உள்ளுறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பூச்சியியல் தெரிந்தவர் ஒருவர் கட்டாயம் வேண்டும்.

ஈ கிடைத்துவிட்டது என்பதாலேயே அதுதான் குற்றவாளி என்று எழுதிவிடாதீர்கள். காலா அசாரை எது பரப்புகிறது என்று தேடிய ஆரம்ப ஆண்டுகளில் சென்னையில் பேட்டன் என்ற ஆய்வாளர் மூட்டைப்பூச்சியைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். 1920களில் சிண்டன் என்ற ஆய்வாளர், நோய் இருக்கும் பகுதிகளின் வரைபடமும் ஃபிளெபோடோமஸ் அர்ஜென்டிபஸ் இருக்கும் பகுதிகளின் வரைபடமும் ஒத்துப்போவதைக் கவனித்தார். அதன் பிறகே கவனம் மணல் ஈ பக்கம் திரும்பியது. ஈ கடித்துத்தான் மனிதருக்கு வருகிறது என்று சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் நிரூபித்தது 1942இல்.

8. எண்களைப் படிப்பது

2003இல் வெளியான காபூல் கணக்கெடுப்பின் எண்கள் இவை: பார்த்தவர்களில் 2.7 சதவீதம் பேருக்குப் புண், 21.9 சதவீதம் பேருக்குத் தழும்பு, முந்தைய 12 மாதத்தில் புதிதாகப் பாதிக்கப்பட்டவர்கள் ஆயிரத்துக்கு 29, அதாவது 2.9 சதவீதம். இதை நகர மக்கள்தொகையோடு பெருக்கி, ஆண்டுக்குச் சுமார் 67,500 பேர் என்று மதிப்பிட்டார்கள்.

முதலில் 2.7ஐயும் 2.9ஐயும் பக்கத்தில் வையுங்கள். ஒரு நாளில் புண்ணோடு இருப்பவர்களின் விகிதம் என்பது, ஆண்டுக்குப் புதிதாக வருகிறவர்களின் விகிதத்தைப் புண் நீடிக்கும் காலத்தால் பெருக்கினால் வருவது. இரண்டும் ஏறக்குறைய சமம் என்றால் புண் ஓராண்டு வரை நீடிக்கிறது என்று அர்த்தம். டிராபிகா புண் ஓராண்டு இருக்கும் என்பது ஏற்கெனவே தெரிந்ததுதான். எனவே கணக்கெடுப்பு உள்ளுக்குள் ஒத்துப்போகிறது. உங்கள் கணக்கில் புண் 1 சதவீதம், புதுப் பாதிப்பு 5 சதவீதம் என்று வந்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது. ‘போன வருஷம்’ என்று அவர்கள் சொன்னதில் மூன்று வருஷம் கலந்திருக்கலாம்.

இப்போது தழும்பு. ஆண்டுக்கு 2.9 வீதம் பல ஆண்டுகளாக இப்படியே வந்திருந்தால் பெரியவர்களில் பாதிப்பேராவது தழும்போடு இருக்க வேண்டும். மொத்தத்தில் 21.9தான் என்றால், தோராயமாக ஏழெட்டு ஆண்டுப் பரவலுக்குச் சமம். அதாவது முன்பு பரவல் குறைவாக இருந்து பிறகு கூடியிருக்க வேண்டும், அல்லது நோய் இல்லாத இடத்திலிருந்து ஏராளமானோர் வந்து சேர்ந்திருக்க வேண்டும். காபூலின் 1990களையும், 2001க்குப் பிறகு திரும்பிய அகதிகளையும் அறிந்தவருக்கு இரண்டுமே நம்பக்கூடியவை. எது என்று பிரித்தறிய உதவுவதுதான் ‘எப்போது குடிவந்தீர்கள்’ என்ற அந்தக் கேள்வி.

வயதுவாரி அட்டவணை கட்டாயம் போடுங்கள். ஒருமுறை வந்து ஆறியவருக்குப் பெரும்பாலும் அதே நோய் திரும்ப வராது. நோய் நெடுங்காலமாக இருக்கும் பகுதியில் புண் குழந்தைகளிடம் இருக்கும், தழும்பு வயதோடு ஏறும். நோய் புதிதாக நுழைந்த பகுதியில் குழந்தை, அம்மா, பாட்டி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புண் இருக்கும், தழும்பு யாரிடமும் இருக்காது. ஒரே நகரத்தின் இரண்டு பகுதிகளில் இந்த இரண்டு வடிவமும் இருக்கலாம். நகரம் முழுவதற்கும் ஒரே சராசரி போட்டால் இரண்டும் மறைந்துபோகும். அதனால்தான் நகரச் சராசரியை அறிக்கையின் தலைப்பில் போடுவதை நான் விரும்புவதில்லை.

9. வரைபடமும் பருவமும்

ஒவ்வொரு வீட்டின் இடத்தையும் ஜிபிஎஸ்ஸில் குறியுங்கள். நோயுள்ள வீடுகளை மட்டும் குறித்தால் மக்கள் நெருக்கமாக வாழும் இடமே சிவப்பாகத் தெரியும். போன எல்லா வீட்டையும் குறித்தால்தான் எங்கே விகிதம் அதிகம் என்று தெரியும். வெளியிடும் வரைபடத்தில் தனி வீடு அடையாளம் தெரியக் கூடாது. இந்த நோயோடு ஒட்டியிருக்கும் அவமானத்தை மறந்துவிட வேண்டாம்.

பருவத்தைக் கணக்கிடும்போது பின்னோக்கி எண்ணுங்கள். டிராபிகாவில் கடித்ததற்கும் புண் தெரிவதற்கும் இடையே பொதுவாக இரண்டு முதல் எட்டு மாதம் ஆகும். காபூலில் ஈ பறப்பது கோடையில், புண்கள் தெரியத் தொடங்குவது குளிர் நெருங்கும்போதும் அதற்குப் பிறகும். புண் கூடியிருக்கிறதே என்று ஜனவரியில் சுவருக்கு மருந்து அடித்தால், இல்லாத ஈக்கு அடிப்பதாகத்தான் ஆகும்.

10. கண்டதை வைத்து என்ன சொல்வது

இருப்பிடம் மனிதன் என்று உறுதியான காபூலில் சொல்ல வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. 2000இல் வெளியான ஒரு சோதனை அங்கே மூன்று வழிகளை ஒப்பிட்டது. பெர்மெத்ரின் ஏற்றிய வலைகள் 65 சதவீதம் பாதுகாப்புக் கொடுத்தன. அதே மருந்து ஏற்றிய சாதர், அதாவது பெண்கள் போர்த்திக்கொள்ளும் துணி, அதுவும் 65 சதவீதம். வீட்டுக்குள் சுவருக்கு மருந்து அடித்தது 40 சதவீதம். எனக்கு மிகவும் பிடித்தது சாதர்தான். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் துணி, தூங்கும்போதும் போர்த்திக்கொள்வது. மருந்து ஏற்றாத சாதாரண வலையை மட்டும் நம்ப வேண்டாம். கொசு நுழையாத கண்ணி வழியே மணல் ஈ நுழைந்துவிடும்.

சிகிச்சையும் இங்கே தடுப்புதான், ஏனென்றால் ஆறாத புண்தான் அடுத்த தொற்றுக்கு ஊற்று. காபூலில் நடந்த இன்னொரு சோதனையில், 50 டிகிரி வெப்பத்தை 30 விநாடி புண்ணில் செலுத்தும் கருவியால் 69.4 சதவீதம் பேர் குணமானார்கள். ஆன்டிமனி மருந்தைப் புண்ணுக்குள்ளேயே ஊசியாகப் போட்டதில் 75.3 சதவீதம். தசையில் தினமும் போட்டதில் 44.8 சதவீதம்தான், பலர் ஊசிகளை முடிக்கவே வரவில்லை. இருபத்தொரு நாள் தொடர்ந்து வரச் சொன்னால் கூலிக்குப் போகும் குடும்பத்தால் எப்படி வர முடியும்? வெப்பச் சிகிச்சை ஒரே நாளில் முடிந்துவிடும். பரவலைக் குறைக்கும் கணக்கில் அந்த ஒரு நாளுக்குப் பெரிய மதிப்பு உண்டு.

நாய் இருப்பிடமாக உள்ள நகரமென்றால் பரிந்துரை வேறு: டெல்டாமெத்ரின் ஏற்றிய கழுத்துப்பட்டை, கோழிக்கூடும் குப்பையும் வீட்டிலிருந்து தள்ளியிருப்பது, காய்ச்சலும் வயிற்று வீக்கமும் உள்ள குழந்தையைச் சீக்கிரம் சோதிப்பது. காபூல் பட்டியலை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

முடிவுகளை அமைச்சகத்துக்கு அனுப்பும் அதே வாரத்தில் குசார் வக்கீலிடமும் பள்ளிவாசலிலும் சொல்லுங்கள், தரி மொழியில், ஒரே பக்கத்தில். தொட்டால் ஒட்டாது என்பது அதன் முதல் வரியாக இருக்கட்டும். வலைகளைக் கோடைக்கு முன், ஏப்ரலுக்குள் கொடுத்து முடித்துவிட வேண்டும். அது பலித்ததா என்று பார்க்க அந்தக் கோடை முடிந்ததும் ஓடாதீர்கள். அப்போது தெரியும் புண்களில் பல வலை வருவதற்கு முந்தைய ஆண்டின் கடியால் வந்தவை. அடுத்த வசந்தத்தில், நவ்ரோஸ் முடிந்த பிறகு, அதே தொகுதிகளுக்கு அதே கேள்வித்தாளோடு போய், கடந்த குளிர்காலத்தில் தொடங்கிய புண்களை மட்டும் தனியாக எண்ணுங்கள்.